செனட்டர்கள் என் வாயால் கேட்ட கேள்விகள்

இன்னொருவர் சொல்லும் பொய்யை, அவர் சொல்லி முடிப்பதற்குள், பிழையில்லாத தமிழில் சொல்லி முடிப்பதுதான் என்னுடைய தொழில்.

சும்மா பொய் அல்ல. அமெரிக்க செனட் சபையில், வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்துவிட்டுச் சொல்லப்படும் பொய். அங்கே ஜனாதிபதி தன் அமைச்சர்களைத் தானே பொறுக்கியெடுத்தாலும், செனட் சபை கூப்பிட்டு விசாரித்து, வாக்குப் போட்டு, 'சரி, இந்த ஆள் ஆகும்' என்று சொன்னால்தான் அவர் கதிரையில் இருக்கலாம். அந்த விசாரணைகளை நான் நேரடியாகத் தமிழில் சொல்கிறேன். இடம் பரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல். ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் இயங்கும் இணையத் தொலைக்காட்சி. கேள்வி கேட்கும் செனட்டரும் நான்தான், விழி பிதுங்கும் அமைச்சரும் நான்தான், நடுவில் தொண்டையைச் செருமும் தலைவரும் நான்தான்.

பரீட்சார்த்த காலம் என்ற பெயரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தவர்கள், அரசாங்க அலுவலகத்துக் கண்ணாடித் தடுப்புக்கு முன் கோப்போடு மணிக்கணக்காக நின்றவர்கள், அழும் பிள்ளையைப் பிறர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் மெட்ரோவுக்கு ஓடியவர்கள், நீங்கள் எல்லோரும் என் இனம். மகள் நித்திரை. அவள் எழும்புவதற்குள் உங்களுக்குச் சிலதைச் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குத் தகுதி

சிவநேசன் அண்ணை எங்கள் தொலைக்காட்சியின் மூன்று பங்காளிகளில் ஒருவர். நடத்துவது அவர்தான். பின்னேரங்களில் ஒளிபரப்ப அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. நாடகங்களுக்கு உரிமைப் பணம் கேட்டார்கள். செனட் விசாரணையோ இலவசம், மணிக்கணக்காக ஓடும், எல்லோரும் வடிவாக உடுத்தியிருப்பார்கள், இடையிடையே யாராவது அழுவார்கள். இதைவிட நாடகத்தில் என்ன இருக்கிறது? அதோடு வாஷிங்டனில் காலை பத்து மணி என்றால் இங்கே பின்னேரம் நாலு மணி. உணவகங்களில் மதியச் சமையல் முடிந்து இரவுச் சமையல் தொடங்காத இடைவேளை. பரிஸின் பாதித் தமிழ்ச் சமையற்காரர்கள் அந்நேரம் கைத்தொலைபேசியோடு எங்காவது ஒரு மூலையில் சாய்ந்திருப்பார்கள். அவர்கள்தான் எங்கள் நேயர்கள்.

என்னிடம் இருந்தது யாழ்ப்பாணத்துக் கொன்வென்டில் படித்த ஆங்கிலமும் ஒரு வயதுப் பிள்ளையும். கணவர் வேலை செய்த உணவகம் மூடிப்போய், அவர் அன்றன்று கிடைக்கும் வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தார். எங்கள் வதிவிட அட்டையைப் புதுப்பிக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் யாராவது ஒருவர் நிரந்தர வேலை ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அந்த ஒருவர் நான்தான். சிவநேசன் அண்ணை சொன்னார், மூன்று மாதம் பார்ப்போம், பிறகு பங்காளிகள் மூன்று பேரும் கூப்பிட்டுக் கேள்வி கேட்டு முடிவெடுப்போம் என்று. அன்றிலிருந்து எனக்குப் பசியும் இல்லை, நித்திரையும் இல்லை. 'அண்ணை, எனக்கு அரசியல் தெரியாது' என்று உண்மையைச் சொன்னேன். கன்னியாஸ்திரிகள் வளர்த்த வளர்ப்பு.

அவர் சொன்னார்: "அது பிரச்சினையில்லைப் பிள்ளை, அங்கை இருக்கிறவையளுக்கும் தெரியாது. நீர் நிப்பாட்டாமல் கதைச்சால் காணும்."

களைத்துப்போன அமைச்சர்

அருவருப்பான சொல் வாயில் வந்தால் விழுங்கிவிட வேண்டும் என்பது கொன்வென்டில் எங்களுக்கு முதல் பாடம். கணக்குகூட அதற்குப் பிறகுதான். என் முதல் விசாரணையில் எதிர்க்கட்சி செனட்டர் ஒருவர், அமைச்சராக முன்மொழியப்பட்டவரைப் பற்றி வாசிக்கத் தொடங்கினார். வேலை நேரத்தில் குடித்தாராம், தள்ளாடினாராம், பணிப்பெண்களைப் பார்த்து இன்னின்ன சொன்னாராம். அந்த 'இன்னின்ன'வையும் ஒவ்வொன்றாக வாசித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. கீழே புடைவைக் கடையில் தாய்மார் நிற்கிறார்கள், அங்கேயும் எங்கள் ஒளிபரப்புத்தான் ஓடுகிறது. யாராவது என்மேல் வழக்குப் போட்டுவிட்டால் என் அட்டைக்கு என்ன ஆகும் என்று வேறு பயம். என் வாய் தன்பாட்டில் சொன்னது: 'நீங்கள் சில வேளைகளில் களைப்பாக இருந்ததாகவும், பணியாளர்களோடு சற்று உரத்துப் பேசியதாகவும் சொல்லப்படுகிறது.' அந்த மனிதர் மேசையில் அடித்து மறுத்தார். நான் அதை 'அப்படி எனக்கு நினைவில்லை, ஐயா' ஆக்கினேன்.

அமெரிக்கா கொந்தளித்துக்கொண்டிருந்தபோது லாச்சப்பலில் அவருக்கு அனுதாப அலை. எங்கள் நேயர் வாக்கெடுப்பில் ஏறக்குறைய எல்லோரும் அவருக்குச் சம்மதம் கொடுத்துவிட்டார்கள். சில நாட்களில் குழு வாக்கெடுப்பு வந்தது. ஏறக்குறையப் பாதிப் பேர் எதிர்ப்பு. மயிரிழையில் தப்பினார். உடனே, பரிஸில் எங்களுக்குப் பக்கத்து மெட்ரோ நிலையமான ஸ்டாலின்கிராட்டிலிருந்து ஒரு சமையற்காரர் தொலைபேசி எடுத்தார், நேரடி ஒளிபரப்பில்.

"தங்கச்சி, களைச்சுப்போய்க் கொஞ்சம் சத்தமாய்க் கதைச்சதுக்கு இவ்வளவு பேர் எதிர்த்து வாக்குப் போடுறதெண்டால், எங்கடை செஃப்மார் எல்லாரையும் தூக்கிலையெல்லோ போடோணும்?"

அதன் பிறகு நான் எதையும் விழுங்குவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் வாய் கொப்பளிக்கிறேன்.

ஐந்து நிமிடம்

செனட்டர் ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்க ஐந்து நிமிடம் கொடுப்பார்கள். அவர் முதலில் தன் மாநிலத்தின் அழகைச் சொல்வார். பிறகு தன் தொகுதி விவசாயிகளின் நேர்மையை. பிறகு, இருபது வருடத்துக்கு முன் இதே சபையில் தான் சொன்னதை யாரும் கேட்கவில்லை என்பதை. மணியடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, 'இதை ஏற்றுக்கொள்கிறீர்களா?' என்பார். எதை என்பது அவருக்கே மறந்திருக்கும். ஜனாதிபதியின் கட்சிக்காரர் என்றால் கேள்வி இன்னும் கடினம்: 'உங்கள் தகப்பனார் மிகக் கடுமையான உழைப்பாளி என்று அறிந்தேன். அவரிடமிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?' எதிர்க்கட்சிக்காரர் என்றால், 'ஆமா, இல்லையா? ஆமா, இல்லையா?' என்று கேட்டுவிட்டு, அந்த மனிதர் வாயைத் திறந்ததும், 'என் நேரம் முடிகிறது, குறுக்கிடாதீர்கள்' என்பார்.

இங்கே பழைய மாணவர் சங்க ஆண்டு விழாக்களில் நன்றியுரை சொல்ல வந்தவர் தலைமையுரையை ஆற்றிவிட்டுப் போவதைக் கண்டிருக்கிறேன். செனட்டில் அதையே சம்பளத்துக்குச் செய்கிறார்கள். மொழிபெயர்க்கிற எனக்குத்தான் மூச்சு வாங்கும். ஒரு நாள் அதே ஸ்டாலின்கிராட் சமையற்காரர் மறுபடி எடுத்தார். குரலில் கொட்டாவி.

"தங்கச்சி, கேள்வி வரேக்கை மட்டும் ஒரு மணியை அடியுங்கோ. அதுவரைக்கும் நான் படுக்கிறன்."

பின்வரிசை

விசாரணைக்கு வருகிறவருக்குப் பின்னால் மனைவியையும் பிள்ளைகளையும் இருத்துவது அங்கே வழக்கம். எதற்கென்று யாரும் விளக்கவில்லை. பார்க்கிற செனட்டருக்கு மனம் இளகும் என்று நினைக்கிறார்களோ என்னவோ. எங்கள் பெண் நேயர்கள் ஆட்களின் பதிலைக் கேட்பதேயில்லை. கொள்கை, வரி, எல்லை, எண்ணெய் எல்லாம் அவர்களுக்கு முன்வரிசைச் சத்தம். பின்வரிசையில் அந்த மனைவி எப்போது விரலை நெரிக்கிறாள், எப்போது சிரிப்பை ஒட்டவைக்கிறாள், எந்தக் கேள்விக்குக் கைப்பையைத் திறந்து ஒன்றையும் எடுக்காமல் மூடுகிறாள் என்று பார்ப்பதுதான் அவர்களின் விசாரணை.

புறநகரான பியர்ஃபித்திலிருந்து வழக்கமாக எடுக்கிற ஒரு அக்கா இருக்கிறார். அவரது தீர்ப்பு, செனட் குழுவின் தீர்ப்பைவிட எனக்கு நம்பிக்கையானது. ஒருமுறை, முன்னால் இருந்தவர் 'என் குடும்பமே என் பலம்' என்று நெஞ்சில் கை வைத்தார். நானும் குரலில் கொஞ்சம் ஈரம் சேர்த்துச் சொன்னேன். அக்காவிடமிருந்து உடனே அழைப்பு.

"பிள்ளை, அந்தாளுக்கு அமைச்சு குடுக்கினமோ இல்லையோ, பின்னாலை இருக்கிற மனுசிக்கு ஒரு பென்சன் குடுக்கச் சொல்லும். அவ பாவம், உந்தப் பேச்சை எத்தினையாம் தரம் கேக்கிறாவோ."

கவலைப்பட்ட செனட்டர்

செனட்டில் 'கவலை' என்று ஒரு தனி இலாகாவே இருக்கிறது. சொந்தக் கட்சி நிறுத்திய ஆள் சரியில்லை என்று தெரியும். ஆனால் எதிர்த்து வாக்குப் போட்டால் அடுத்த தேர்தலில் தன் கதிரை போய்விடும். அப்போது செனட்டருக்குக் கவலை வரும். 'எனக்கு ஆழ்ந்த கவலை உண்டு' என்பார். மறுநாள் 'என் கவலை தீரவில்லை' என்பார். செய்தியாளர்கள் அவர் பின்னால் ஓடுவார்கள். நாங்களும் 'கவலையில் செனட்டர்' என்று திரைக்குக் கீழே ஓடவிடுவோம். இரண்டு பக்கமும் எண்ணிக்கை சமமாகிவிட்டால் துணை ஜனாதிபதி வந்து தீர்க்கும் வாக்கைப் போட வேண்டும் என்பதால், சமையலறைகளில் பந்தயம் பிடித்தவர்களும் இருந்தார்கள். வாக்கெடுப்பில் கவலைப்பட்ட செனட்டரின் பெயரைக் கூப்பிட்டார்கள். மனிதர் வெகு சாதாரணமாக, 'ஆம்' என்றார். அவ்வளவுதான்.

மேலே தேநீர் கொண்டுவந்த புடைவைக் கடை முதலாளி, கையில் தட்டோடு நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "உவர் என்ரை கடைக்கு வாற சில ஆக்களை மாதிரி. நிறம் சரியில்லை, கரை சரியில்லை எண்டு ஒரு மணித்தியாலம் சொல்லிப்போட்டு, அதையே சுத்தித் தரச் சொல்லுவினம்."

பரிஸ் படிக்கட்டு

ஒலிப்பதிவைப் பார்த்துக்கொள்கிறவர் மிசியே லூர்து. புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு அரசாங்க அலுவலகமொன்றில் முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். பிரான்ஸைப் பற்றி யார் குறை சொன்னாலும் முகம் சிவக்கும். அவர் மட்டும் நாள் முழுக்கச் சொல்வார். இங்கே புது அரசாங்கம் வந்த ஒரு நாள், ஜனாதிபதி மாளிகைப் படிக்கட்டில் ஒருவர் ஒலிவாங்கிக்கு முன் நின்று அமைச்சர்களின் பெயரைக் கடகடவென்று வாசித்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் கேட்டேன், 'மிசியே லூர்து, இவர்களை யார் விசாரிப்பது? பாராளுமன்றம் எப்போது வாக்குப் போடும்?'

அவர் காதிலிருந்த கருவியைக் கழற்றினார். "விசாரணையா? மதாம், இங்க மொதல்ல உக்கார வெச்சிடுவாங்க. பாராளுமன்றத்துக்குப் புடிக்கலைன்னா அப்புறம் எல்லாரையும் சேர்த்து ஒரே நாள்ல வெளிய அனுப்பிடும். அமெரிக்காக்காரன் ஒவ்வொரு ஆளா மோந்து பாக்கறான், நாங்க மொத்தக் கூடையையும் கொட்டிடுவோம்."

இதை ஒளிபரப்பிலும் சொல்லிவைத்தேன். நேயர்களுக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன். நாங்கள் விட்டுவந்த நாட்டில் எப்படி என்று ஒரு முதியவர் விளக்கம் தந்தார்.

"அங்கை உந்தச் சிக்கல் ஒண்டுமில்லைப் பிள்ளை. முதல் ஆளைப் பிடிப்பினம், பிறகு அந்தாளுக்கு எண்டு ஒரு அமைச்சைச் செய்வினம்."

பெறுமதியான கேள்வி

இந்த விசாரணைகளில் தேறுவதற்கு ஒரே வழி எதையும் சொல்லாமல் இருப்பது. தேறியவர்கள் அத்தனை பேரையும் தமிழாக்கியவள் என்ற உரிமையில் சொல்கிறேன். 'அது மிகப் பெறுமதியான கேள்வி.' 'சட்டம் என்ன சொல்கிறதோ அதைப் பின்பற்றுவேன்.' 'என் நியமனம் உறுதிப்படுத்தப்பட்டால், அதை ஆராய்வேன்.' 'இதற்கான பதிலை எழுத்தில் தருகிறேன்.' இந்த நாலையும் மாற்றி மாற்றிச் சொல்லி ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டு, எழும்பிப்போய் ஒரு நாட்டின் பட்டாளத்தையே பொறுப்பெடுத்தவர்கள் இருக்கிறார்கள். நேராகப் பதில் சொன்ன ஒருவரை எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த வாரமே பெயரை விலக்கிக்கொண்டார்.

என் கணவர் எல்லா ஒளிபரப்பையும் தவறாமல் பார்ப்பார். மனைவி மேல் உள்ள அன்பு என்று நினைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை, பிள்ளையின் பால் போத்தல்கள் குசினியில் அப்படியே குவிந்து கிடந்தன. 'ஏன் கழுவேல்லை?' என்று கேட்டேன்.

"பெறுமதியான கேள்வி," என்றார், எழும்பாமலே. "அந்த விசயத்திலை உம்மோடை சேர்ந்து பணியாற்ற ஆவலாயிருக்கிறன்."

நடுவில் ஆள் மாறியது

மகளை விடும் கிறெஷை, அதாவது பிள்ளைக் காப்பகத்தை, ஆறரைக்குப் பூட்டுவார்கள். இரண்டு முறை பிந்திப் போனதில், மூன்றாம் முறை இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுப்போம் என்று அங்கே பொறுப்பான பெண்மணி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். இடம் போனால் வேலை போகும், வேலை போனால் ஒப்பந்தம் போகும், ஒப்பந்தம் போனால் அட்டை. என் தலைக்குள் இந்த ரயில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு வியாழக்கிழமை, விசாரணை ஆறு மணிக்கும் முடியவில்லை. இரண்டாவது சுற்றுக் கேள்விகள் என்றார்கள். பங்காளிகளுக்குத் தெரிந்தால் தொலைந்தேன். ஆனால் மகள் வாசலில் நிற்கும் படம் கண்ணை விட்டுப் போகவில்லை. ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு மிசியே லூர்துவைப் பார்த்தேன். அவர் எழும்பினார். வந்து என் கதிரையில் இருந்தார். நான் படியில் இறங்கி ஓடினேன்.

அதுவரை மெல்லிய குரலில் யாழ்ப்பாணத் தமிழ் பேசிக்கொண்டிருந்த அமைச்சர், ஒரே மூச்சில் கட்டைக் குரலுக்கும் புதுச்சேரித் தமிழுக்கும் மாறிவிட்டார். போதாததற்கு மிசியே லூர்து செனட்டரின் கேள்வி பிடிக்காத இடங்களில் தன் சொந்தக் கேள்விகளையும் சேர்த்திருக்கிறார். அவற்றுக்கு அமைச்சரின் பதிலையும் அவரே சொல்லி, அந்தப் பதில் போதாது என்று அமைச்சரைத் திட்டியும் இருக்கிறார். நேயர் தொகை அன்று ஏறியதாம். நான் கிறெஷ் வாசலில் மகளைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது, சிவநேசன் அண்ணை தொலைபேசியில் வந்தார்.

"பிள்ளை, சனம் எடுத்துக் கேக்குது, முதல் இருந்த ஆளை எப்ப விலத்தினவை, இந்தாளை எப்ப நியமிச்சவை எண்டு. நான் என்ன சொல்ல?"

மூன்று பங்காளிகள்

மூன்று மாதம் முடிந்தது. பக்கத்துத் தெருவான ரூ பஜோலில், பங்காளிகளில் ஒருவரான நகைக்கடைக்காரரின் கடைப் பின்னறையில் என்னைக் கூப்பிட்டார்கள். நடுவில் சிவநேசன் அண்ணை, வலப்பக்கம் நகைக்கடைக்காரர், இடப்பக்கம் பயண முகவர். எனக்கு எதிரே ஒரு கதிரை, ஒரு போத்தல் தண்ணீர். மகளை மடியில் வைத்திருந்தேன், அன்று கிறெஷ் விடுமுறை. பின்வரிசையில் இருக்க வேண்டியவள் முன்வரிசையில் இருந்து நகைக்கடைக்காரரின் மோதிரங்களைப் பார்த்தாள்.

நகைக்கடைக்காரர் தொடங்கினார். தான் இந்த நாட்டுக்கு வந்த குளிர்காலம், முதல் வேலை, முதல் கடை, இரண்டாவது கடை. முடிவில், 'இதிலை உமக்கு ஏதாவது விளங்குதோ?' என்றார். ஓம் என்றேன். பயண முகவர் அந்த வியாழக்கிழமையைத் தூக்கிப் போட்டார். யார் உத்தரவில் கதிரையை விட்டு எழும்பினேன், புதுச்சேரிக்காரர் கண்டபடி கதைத்ததற்கு யார் பொறுப்பு, இன்னொரு பிள்ளை பெறுகிற யோசனை உண்டா? கடைசிக் கேள்வியை இந்த நாட்டில் கேட்கவே கூடாது என்று எனக்குத் தெரியும். சொல்லப் பயம். மூன்று மாதப் பயிற்சி வாயில் வந்து நின்றது. 'அதற்கான பதிலை எழுத்திலை தாறன்' என்றேன்.

"எழுதுறதுக்கு அதிலை என்ன கிடக்கு?" என்றார் அவர். "ஓமோ, இல்லையோ?"

'இல்லை' என்றேன். செனட்டில் யாரும் இப்படித் தோற்றதில்லை. அரை மணித்தியாலம் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். பிந்த மாட்டேன் என்றேன், ஓட மாட்டேன் என்றேன், ஆறரைக்கு என்ன செய்வேன் என்று தெரியாமலே சொன்னேன். கடைசியில் உண்மையைக் கொட்டிவிட்டேன். 'அண்ணை, இந்த ஒப்பந்தம் இல்லையெண்டால் எங்களுக்கு வதிவிடக் காட் இல்லை' என்றேன். சிவநேசன் அண்ணை மேசைக்குக் கீழிருந்து ஒப்பந்தத்தை எடுத்து வைத்தார். மூன்று கையெழுத்தும் ஏற்கெனவே இருந்தன. வேலை நேரம்: பிற்பகல் மூன்றிலிருந்து ஏழு வரை. நான் அந்த 'ஏழு' என்ற எண்ணைப் பார்த்தேன். பிறகு பேனையை எடுத்துக் கையெழுத்தை வைத்துவிட்டேன். அப்புறம்தான் கேட்டேன், எல்லாம் முதலே முடிந்ததென்றால் இவ்வளவு நேரமும் என்னை ஏன் இப்படிக் கேட்டீர்கள் என்று.

சிவநேசன் அண்ணைக்கு என் கேள்வி உண்மையிலேயே விளங்கவில்லை. "முந்தநாள் சாப்பிடேக்கையே முடிவெடுத்திட்டம் பிள்ளை, உம்மை விட்டால் ஆள் இல்லை," என்றார். "ஆனால் கேள்வி கேக்காமல் குடுத்தால், பிறகு நாங்கள் மூண்டு பேரும் என்னத்துக்கு?"

ஆக, கேள்வி கேட்கிறவர்களுக்குப் பதில் தேவையில்லை, பதில் சொல்கிறவர்களுக்குக் கேள்வி தேவையில்லை, இரண்டையும் தமிழில் சொல்கிறவளுக்கு மட்டும் ஏழு மணிக்கு முடியும் வேலையிலிருந்து ஆறரைக்குப் பூட்டும் வாசலுக்குப் போய்ச் சேர ஒரு வழி தேவைப்படுகிறது.